பாட்டு சிடி கணினியில் ஏற மறுக்கிறதா? முதலில் டிரைவைப் பாருங்கள்

கேள்வி: அண்ணன் அவர்களுக்கு வணக்கம். மியான்மரின் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். அப்பா சேர்த்து வைத்த பாட்டு சிடிகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பாதி, 90களில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்கள் வாங்கி வந்த சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும். மீதி, இங்கே முருகன் கோவிலில் பங்குனி உத்திரத்துக்கு வாசித்த நாதசுரம், பஜனை எல்லாம் ஒருவர் பதிவு செய்து அப்பாவுக்கு எழுதிக் கொடுத்தவை. இவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று மெல்லிய யு.எஸ்.பி. டிரைவ் ஒன்று வாங்கினேன். விண்டோஸ் லேப்டாப். முதல் பாட்டுகள் ஒழுங்காக ஏறுகின்றன. கடைசி இரண்டு மூன்றில் டிரைவ் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. சில சிடிகளில் எல்லாம் முடிந்தது என்று காட்டுகிறது, கேட்டால் நடுநடுவே டிக் டிக் என்று சத்தம். அதே சிடி வீட்டிலிருக்கும் பழைய பிளேயரில் நன்றாகப் பாடுகிறது. இரண்டு சிடிகளை லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை, ஆனால் டிவிடி படம் போட்டால் ஓடுகிறது. டூத்பேஸ்ட் தடவித் தேய்த்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தம்பி, டூத்பேஸ்ட்டை மாமா பல்லுக்கே வைத்துக்கொள்ளட்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை எந்தச் சிடியையும் தேய்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உதவியாக இருப்பது 'கடைசி இரண்டு மூன்று பாட்டு' என்ற தகவல். பழைய கிராமபோன் தட்டு வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும். சிடி அதற்கு நேர் எதிர். முதல் பாட்டு நடு ஓட்டைக்குப் பக்கத்தில், கடைசிப் பாட்டு வெளி ஓரத்தில். உங்களுடையது போன்ற மெல்லிய டிரைவ்கள் பெரும்பாலும் தட்டை ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றுகின்றன. வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்கு அதிக நீளம் இருப்பதால், உள்ளே சாதாரணமாகப் பாடும் வேகத்தைப் போல் சுமார் 10 மடங்கு வேகத்தில் படித்துக்கொண்டிருந்த டிரைவ், ஓரத்தை எட்டும்போது 24 மடங்கு வேகத்தில் படிக்கும். தட்டு லேசாக வளைந்திருந்தாலும், மேலே ஒட்டிய தாளால் ஒரு பக்கம் கனத்தாலும், அந்த ஆட்டம் தெரிவது அங்கேதான். அதனால் முதல் பாட்டுகள் சரியாக இருந்து கடைசிப் பாட்டுகள் மட்டும் தகராறு செய்தால், சிடியைக் குற்றம் சொல்ல நான் அவசரப்பட மாட்டேன்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. கீறலே இல்லாத அசல் சிடி ஒன்றை யாரிடமாவது வாங்குங்கள். 70 நிமிடத்துக்கு மேல் ஓடுவதாக இருந்தால்தான் ஓரம் வரை எழுதியிருப்பார்கள். அதிலும் கடைசியில் தடுமாறினால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். குறை டிரைவிடம் இருக்கிறது, அல்லது அதற்குப் போகும் கரண்டில் இருக்கிறது.

கரண்ட் என்று சொன்னது சும்மா இல்லை. யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லிஆம்பியர் வரை தர வேண்டும் என்பது விதி, 3.0 துளை 900 வரை. தட்டைச் சுற்றத் தொடங்கும்போது இந்த மெல்லிய டிரைவ்களின் மோட்டார் 500ஐத் தாண்டிக் கேட்பது உண்டு. கிடைக்காவிட்டால் சுற்று நின்று, திரும்பத் தொடங்கி, லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும். நீங்கள் சொல்லும் கடகட அதுவாகவும் இருக்கலாம். ஆகவே ஹப் வேண்டாம், நீட்டிப்பு வயரும் வேண்டாம். லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். உள்ளே நீல நிறம் தெரியும் துளை இருந்தால் பெரும்பாலும் அது 3.0, அதில் செருகுங்கள். டிரைவோடு இரட்டைத் தலை வயர் வந்திருந்தால் இரண்டு தலையும் செருகப்பட்டிருக்க வேண்டும். நம் ஊரில் கரண்ட் போகிற நேரத்தில் பேட்டரியில் ஓட்டிப் பழகிவிட்டோம். பேட்டரி சேமிப்பு முறையில் லேப்டாப் யு.எஸ்.பி. துளைகளையும் தூங்கவைக்கப் பார்க்கும். இந்த வேலையை மட்டும் கரண்ட் இருக்கும்போது, சார்ஜரைப் போட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்து பலன் இல்லை என்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். என் பட்டியலில் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் இதற்கு வெகு பின்னால்தான் வரும். ஒரு டிரைவ் துப்பிய சிடியை இன்னொன்று சிரமமில்லாமல் படிப்பதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. யாராவது ஓரங்கட்டிய பழைய மேசைக் கணினியில் இருக்கும் தடித்த டிவிடி ரைட்டர் உங்கள் புது டிரைவைவிட நன்றாகப் படிக்க வாய்ப்பு உண்டு. அந்தக் கணினி ஓடினால் அதிலேயே வேலையை முடியுங்கள். டிரைவை மட்டும் கழற்றி லேப்டாப்போடு இணைப்பதானால், 12 வோல்ட் தனி அடாப்டரோடு வரும் சாட்டா - யு.எஸ்.பி. இணைப்பான் தேவை. யு.எஸ்.பி. துளையின் 5 வோல்ட் மட்டும் அதற்குப் போதாது.

டிவிடி ஓடுகிறதே, டிரைவ் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். டிவிடியைப் படிக்கும் லேசர் வேறு, சிடியைப் படிக்கும் லேசர் வேறு. முன்னது 650 நானோமீட்டர், பின்னது 780. ஒன்று தளர்ந்து மற்றொன்று நன்றாக இருப்பது சாதாரணம்.

சரி, பழைய பிளேயர் மட்டும் எப்படிப் பாடுகிறது? அது ஒரு மடங்கு வேகத்தில்தான் சுற்றுகிறது, அது ஒரு காரணம். பெரிய காரணம், அதற்கு ஒப்பேற்றத் தெரியும். பாட்டு சிடியில் ஒரு விநாடி இசை 75 துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் 2,352 பைட், அத்தனையும் இசை. கணினிக் கோப்புகள் வைக்கும் சிடியில் அதே அளவு துண்டில் கோப்புக்குக் கிடைப்பது 2,048 பைட்தான். மீதி இடத்தில் பெரும்பகுதி பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காக ஒதுக்கப்பட்டது. பாட்டு சிடிக்கு அந்தக் கூடுதல் காவல் கிடையாது. பிலிப்ஸும் சோனியும் 1980இல் இந்த முறையை வகுத்தபோது வீட்டு பிளேயரை மனதில் வைத்துத்தான் வகுத்தார்கள். ஹார்டு டிஸ்க்கில் ஏற்றுவதை அப்போது யார் நினைத்தார்கள்?

அதற்காகப் பாட்டு சிடி பாதுகாப்பே இல்லாதது என்று அர்த்தமில்லை. இசைத் தரவைக் கலைத்துக் கலைத்து அடுக்கி, நடுநடுவே சரிபார்ப்பு எண்களைச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். தடத்தின் வாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் அதை முழுதாக மீட்க அந்த ஏற்பாட்டால் முடியும். அதற்கு மேல் போனால், பிளேயர் முன்னும் பின்னும் இருக்கும் ஒலியை வைத்து நடுவில் ஊகமாக ஒன்றை நிரப்பிவிடும். அதுவும் முடியாதபோது அந்த இடத்தை மௌனமாக்கும். வீட்டில் உட்கார்ந்து கேட்கும் நமக்கு இது தெரியவே தெரியாது. கணினி டிரைவ்களும் இதையே செய்கின்றன. என்ன, வேகமாகச் செய்கின்றன, பல சமயம் யாரிடமும் சொல்லாமலும் செய்கின்றன. 'முடிந்தது' என்று காட்டிய பாட்டில் டிக் டிக் வருவது இதனால்தான். சாதாரண மென்பொருளுக்கு முடிந்தது என்றால் கடைசி வரை போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள்.

ஆகவே எப்போது சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்த மென்பொருள் ஒன்று வேண்டும். விண்டோஸில் நான் எல்லோருக்கும் சொல்வது எக்ஸாக்ட் ஆடியோ காப்பி. ஆன்ட்ரே வீட்டாஃப் என்ற ஜெர்மானியர் 1998 முதல் எழுதி வருவது, வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பார்க்க அழகாக இருக்காது, அமைப்புகள் ஏராளம். பயப்பட வேண்டாம், டிரைவ் ஆப்ஷன்ஸ் பக்கத்தை ஒரு முறை ஒழுங்காக அமைத்தால் போதும்.

அதில் செக்யூர் மோடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த முறையில் ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு முறை படித்து ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் 16 முறை திரும்பப் படிக்கும். அதில் 8 முறை ஒரே விடை வந்தால் ஏற்றுக்கொள்ளும். வராவிட்டால் இன்னொரு 16. உங்கள் அமைப்பைப் பொறுத்து மோசமான துண்டை 82 முறை வரை படித்துப் பார்க்கும். மெதுவாகத்தான் நடக்கும். ஒரு சிடி அரை மணி நேரம் எடுத்தால் கவலைப்பட வேண்டாம். ஒரே பாட்டில் மணிக்கணக்காக நின்றால் மட்டும் நிறுத்திவிட்டு டிரைவை மாற்றுங்கள். அப்படியே விட்டால் லேசரும் மோட்டாரும் சூடாவதுதான் மிச்சம்.

அதே பக்கத்தில், டிரைவ் ஆடியோவை கேஷில் வைக்கிறது என்ற கட்டத்தில் கட்டாயம் டிக் இருக்கட்டும். பல டிரைவ்கள் படித்ததைத் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, திரும்பக் கேட்டால் தட்டைப் பார்க்காமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கின்றன. தப்பான விடையையே இரண்டாம் முறையும் கொடுத்தால், இரண்டும் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் நம்பிவிடும். சி2 பிழைத் தகவலைப் பயன்படுத்தும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். பிழை நடந்த இடத்தை டிரைவே சொல்லும் ஏற்பாடு அது, பல டிரைவ்கள் அதை நேர்மையாகச் சொல்வதில்லை. வேகத்தை 4 அல்லது 8 மடங்குக்குக் குறைத்துப் பாருங்கள். வளைந்த தட்டுக்கு இது நல்ல மருந்து. ஆனால் ரொம்பக் குறைத்தால் இன்னும் மோசமாகப் படிக்கும் டிரைவும் உண்டு, அதனால் இரண்டு வேகத்திலும் சோதியுங்கள்.

ஏற்றும்போது 'டெஸ்ட் அண்ட் காப்பி'யைத் தேர்ந்தெடுங்கள். பாட்டை முழுதாக இரண்டு முறை படித்து, இரண்டுக்கும் சி.ஆர்.சி. என்ற அடையாள எண் போட்டு, லாக் கோப்பில் எழுதிவைக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. லாகில் 'ட்ராக் குவாலிட்டி 99.6' என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பதறிக்கொண்டு வருகிறார்கள். சில இடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது என்பதுதான் அதன் பொருள், பாட்டு கெட்டுவிட்டது என்பதல்ல. பதற வேண்டியது 'சஸ்பிஷியஸ் பொசிஷன்' என்ற வரிக்கு. பக்கத்தில் நிமிடம், விநாடி போட்டிருக்கும். அந்த இடத்தை ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். நாதசுர சிடியில் தவில் சொற்களுக்கு நடுவே டிக் விழுந்தால் காது ஏமாந்துவிடும். தவில் ஓய்ந்து நாதசுரம் மட்டும் நீளமாக ஆலாபனை செய்யும் இடத்தில் தேடினால் உடனே பிடிபடும்.

கடையில் வாங்கிய சிடிகளுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளம், உங்கள் விடையை அதே சிடியை ஏற்றிய வேறு ஆட்களின் விடையோடு ஒப்பிட்டுச் சொல்லும். யாரோ முகம் தெரியாதவர் எங்கோ வேறு டிரைவில் எடுத்த எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்று என்றால், அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? கியூடூல்ஸ் என்ற மென்பொருளின் தரவுத்தளம் ஒரு படி மேலே. கொஞ்சமாகக் கெட்ட பாட்டை, மற்றவர்கள் அனுப்பிய மீட்புத் தகவலை வைத்துத் திருத்தியே கொடுத்துவிடும். இரண்டுக்கும் இணையம் வேண்டும். நம் இணையத்தின் லட்சணம் தெரியும், ஆனால் சிடி சுற்றும்போதே இணையம் இருக்க வேண்டும் என்று இல்லை. லாக் கோப்பையும், எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று குறித்துவைக்கும் கியூ கோப்பையும் பாட்டுகளோடு அதே ஃபோல்டரில் வைத்திருங்கள். கனெக்‌ஷன் கிடைக்கும் நாளில் கியூடூல்ஸில் மொத்தமாகச் சரிபார்க்கலாம். பாட்டுகளை ஃபிளாக் வடிவில் வையுங்கள். ஒலி ஒன்றும் குறையாது, இடம் சிடியின் அளவில் பாதியளவுதான் பிடிக்கும். போனுக்கு எம்.பி.3 வேண்டுமென்றால் அதிலிருந்து பிறகு மாற்றிக்கொள்ளலாம். பாட்டின் பெயர் தமிழிலா ஆங்கிலத்திலா என்ற கவலையெல்லாம் அப்புறம்.

கோவில் சிடிகளுக்கு அந்தத் தரவுத்தளம் எதுவும் உதவாது. உலகத்தில் வேறு யாரும் அவற்றை ஏற்றியிருக்கப் போவதில்லை. டெஸ்ட் அண்ட் காப்பி எண்கள்தான் துணை. முடிந்தால் வேறு டிரைவிலும் ஒரு முறை எடுத்து ஒப்பிடுங்கள். ஆனால் ஒவ்வொரு டிரைவும் படிக்கத் தொடங்கும் இடம் இம்மி அளவு முன்பின்னாக இருக்கும். அந்த ஆஃப்செட்டை அமைக்காமல் ஒப்பிட்டால், இரண்டும் சரியாக இருந்தும் எண்கள் வேறுபடும். பலருக்குத் தெரிந்த அசல் சிடி ஒன்றை இணையம் இருக்கும்போது போட்டால், எக்ஸாக்ட் ஆடியோ காப்பியே அக்யூரேட்ரிப்பைக் கேட்டு அமைத்துக்கொள்ளும். இரண்டு டிரைவுக்கும் செய்யுங்கள்.

முக்கியமாக, வேலையைக் கோவில் சிடிகளிலிருந்து தொடங்குங்கள். சினிமாப் பாட்டு சிடி போனால் வேறு எங்காவது கிடைக்கும். அந்த நாதசுரம் எங்கே கிடைக்கும்? அவை ஆலையில் அச்சடித்த சிடிகளும் இல்லை, வீட்டில் எழுதும் சிடி-ஆர். அச்சடித்த சிடியில் பாட்டு குழிகளாகவே பதிந்திருக்கும். சிடி-ஆரில் லேசர் ஒரு சாயப் படலத்தைச் சுட்டு எழுதுகிறது. வெயிலிலும் புழுக்கத்திலும் அந்தச் சாயம் வருடா வருடம் மங்கும். கீறலே இல்லாமல் பளபளவென்று இருக்கும், படிக்காது. வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் இத்தனை வருஷம் தாங்கியதே பெரிய விஷயம். அடுத்த மழைக்காலம் வரை தள்ளிப்போட வேண்டாம். மேலே தாள் லேபிள் ஒட்டியிருந்தால், ஈரத்தில் ஊதித் தட்டை வளைத்திருக்கும். எரிச்சலாக இருந்தாலும் உரிக்காதீர்கள், வெள்ளிப் படலமும் சேர்ந்து வந்துவிடும். குறைந்த வேகத்தில் அப்படியே படிக்கவையுங்கள்.

இப்போது துடைப்பது. சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். பாட்டு இருப்பது படிக்கும் பக்கத்திலிருந்து ரொம்பத் தள்ளி, எழுத்து அச்சடித்த பக்கத்துக்கு அடியில். மேலே மெல்லிய வார்னிஷ் மட்டும்தான் காவல். பளபளப்பான பக்கத்தை மட்டும் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு, எழுத்துப் பக்கத்தை மேசையில் கவிழ்த்து இழுப்பவர்கள்தான் அதிகம். விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் படலமே போய்விட்டது, எந்தப் பாலிஷும் திருப்பிக் கொண்டுவராது. வெளி ஓரம் பழுப்படித்து உள்ளே பரவுகிறதென்றால் அதுவும் அந்த வகைதான்.

படிக்கும் பக்கத்தில் விரல் ரேகையோ, எண்ணெய்ப் பிசுக்கோ, பூஞ்சைப் புள்ளியோ இருந்தால் கவலை இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, மிருதுவான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். தடத்தின் வாக்கில் வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டக் கீறல் ஒரே தடத்தைத் தொடர்ந்து அழிக்கும், குறுக்குக் கீறல் ஒவ்வொரு தடத்திலும் ஒரு துளியைத்தான் தொடும், அதைச் சிடியே சமாளித்துக்கொள்ளும். தின்னர், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கைலி முனையில் தேய்ப்பதும் வேண்டாம், அந்தத் தூசியே கீறும். பூஞ்சை உள்ளே போய்ப் படலத்தையே தின்பதும் உண்டு, மத்திய அமெரிக்காவின் பெலிஸில் கிடைத்த ஒரு சிடியில் அதை 2001இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆனால் நான் பார்க்கும் பூஞ்சையில் பெரும்பாலானது மேலோடு நிற்பது, கழுவினால் போகும்.

டூத்பேஸ்ட்டும் ஒரு தேய்ப்பான்தான். படிக்கும் பக்கத்தில் ஆழமில்லாத கீறல் ஒன்றின் விளிம்பை மழுக்கி, டிரைவை ஏமாற்றிப் படிக்கவைக்கலாம். மாமா அப்படி ஒன்றைப் பார்த்திருப்பார். ஆனால் கூடவே நூறு மெல்லிய கீறல்களை இழுத்துவிடும். உங்கள் கோளாறு கரண்டிலோ சாயத்திலோ இருந்தால், நல்ல சிடியைக் கெடுத்ததுதான் மிச்சம். எல்லா டிரைவும் கைவிட்ட அசல் சிடியில், படிக்கும் பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் மட்டும் பாலிஷ் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். சிடி-ஆரைக் கொடுக்க வேண்டாம்.

லேப்டாப் கண்டுகொள்ளாத இரண்டும் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை நடு ஓட்டைப் பக்கம், முதல் பாட்டுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே அழுக்கோ கீறலோ இருந்தால் தட்டே இல்லாதது போல் டிரைவ் நடந்துகொள்ளும். முதலில் அந்த வளையத்தைக் கழுவிப் பாருங்கள். கோவிலில் எழுதியவை என்றால் எனக்கு வேறு சந்தேகம். எழுதியவர் கடைசியில் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது எழுதி முடித்துச் சிடியை மூடாமல் விட்டிருக்கலாம், அப்போது அந்த அட்டவணையே எழுதப்பட்டிருக்காது. அப்படிப்பட்ட சிடியை எழுதும் வசதியுள்ள டிரைவில் போட்டு, ஐசோபஸ்டர் போன்ற மீட்பு மென்பொருளால் பார்த்தால் பாட்டு கிடைக்கக்கூடும். படிக்கும் பக்கத்தில் எழுதிய இடமும் எழுதாத இடமும் நிற வித்தியாசத்தில் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எழுதிய வளையம் இருக்கிறதா, தட்டின் நிறம் பச்சையா, நீலமா, பொன்னிறமா என்று குறித்துக்கொண்டு, டிரைவின் மாடல் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.